எட்டரை மணிக் கீரை

திங்கள், கோவை

சேரன் எக்ஸ்பிரஸ் விடியற்காலையிலேயே இறக்கிவிட்டது. வடவள்ளியில் சின்னம்மா வீட்டுக்குப் போய்ப் பையை வைத்துவிட்டு வரலாம் என்றால் அதற்குள் உழவர் சந்தையில் பாதி காலியாகிவிடும். தோளில் பையோடு நேராக ஆர்.எஸ்.புரம் போனேன்.

இந்த ஆறு நாள் சுற்றலுக்குக் காரணம் எங்கள் தெருவில் துணி தேய்க்கும் அண்ணன். சென்னை மொட்டை மாடியில் இரண்டு வருடம் கீரை போட்டு இரண்டு வருடமும் தோற்ற கதையை அவரிடம் புலம்பிக்கொண்டிருந்தேன். அவர் பெட்டியைத் தட்டிக் கரியைச் சரிசெய்துகொண்டே, "திருப்பூர்ல எந்தங்கச்சி கீரை சாப்பிட்டு மாசக்கணக்கா ஆச்சும்மா. சுத்தித் தோட்டமா இருக்கிற ஊர்ல கெடைக்கலையாம்" என்றார். நான் பிறந்ததே காங்கயம் பக்கம். எங்கள் சீமையில் கீரைக்கா பஞ்சம் என்று ரோஷமாகத்தான் வந்தது. அவர் தங்கையின் நம்பரை வாங்கிக்கொண்டேன்.

சந்தை வாசலில் விலைப்பலகை. சாக்பீஸில் எழுதி முடித்து ஈரத் துணியால் ஒரு எண்ணை அழித்துத் திருத்திக்கொண்டிருந்தார் ஊழியர். தெரியாதவர்களுக்கு: உழவர் சந்தை 1999 நவம்பரில் மதுரையில் முதலில் தொடங்கியது. விளைவித்தவரே விற்க வேண்டும், நடுவில் தரகர் கூடாது, கடை வாடகை கிடையாது. மொத்த மார்க்கெட் விலையை விடியும் முன்பே விசாரித்து, அதற்கு மேல் சுமார் 20 சதவீதம் கூட்டி, வெளிக் கடை விலையைவிடச் சுமார் 15 சதவீதம் குறையும்படி வைக்கிறார்கள். விற்பவருக்கும் லாபம், வாங்குபவருக்கும் லாபம். நல்ல ஏற்பாடு. நான் குறை சொல்ல வரவில்லை.

தொண்டாமுத்தூர்ப் பக்கமிருந்து வரும் ஒரு அம்மாவின் கடை முன்னால் நின்றேன். சிறுகீரை, அரைக்கீரை, பாலக், மணத்தக்காளி, வெந்தயக் கீரை. வாழை நாரில் கட்டிய கட்டுகளை வேர்ப்பக்கம் உள்ளே, இலைப்பக்கம் வெளியே என்று வட்டமாக அடுக்கியிருந்தார். வாட்டர் பாட்டில் மூடியில் ஆணியால் நாலு ஓட்டை போட்டு, அதிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே இருந்தார். எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள் என்று கேட்டேன்.

"ரெண்டரைக்கு எந்திரிச்சனுங்க. நேத்துப் பொழுதோட பறிச்சு வெச்சது. மூணரை வண்டி உட்டா அப்புறம் எடம் இருக்காதுங்க."

"எப்ப வீட்டுக்குப் போவீங்க?"

"ஒம்பது, ஒம்பதரைக்கெல்லாம் கீரை தீந்துருமுங்க. தீராட்டியும் வெயிலேறுனா அது கீரை இல்லீங்க, வெறும் தழை."

வாங்குபவர்களைக் கவனித்தேன். நடைப்பயிற்சி ஷூ போட்ட பெரியவர்கள், ஸ்கூட்டரில் வந்த அம்மாக்கள், மெஸ்காரர்கள், பென்ஷன்காரத் தம்பதிகள். காலை ஆறரைக்குக் கையில் நேரம் உள்ளவர்கள். ஒன்பதே முக்காலுக்கு அந்த அம்மா சாக்கை உதறி மடித்துவிட்டார்.

செவ்வாய், வடவள்ளி

இன்று முழுக்கச் சின்னம்மாவின் மாடி.

ஸ்கூல் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். 2013-14ல் தோட்டக்கலைத் துறை சென்னையிலும் கோவையிலும் மானிய விலையில் மாடித் தோட்டப் பொருட்கள் கொடுக்க ஆரம்பித்தபோது வாங்கியவர்களில் ஒருவர். பைகள் இரண்டு மூன்று தடவை மாறிவிட்டன. வெயிலில் மொறுமொறுவென்று ஆகி, தொட்டால் அப்பளம் மாதிரி உதிர்ந்துவிடுமாம். இப்போது அறுபது பைகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் சுவர் ஓரத்திலும் பீம் ஓடும் கோட்டின் மேலும்தான் வைத்திருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் அடியில் இரண்டு செங்கல். தண்ணீர் தேங்காமல் ஓடிவிடும், தளம் காயும், ஒழுகல் வராது.

என் தோல்விக் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். விதை முளைத்தது, இரண்டு இலை விட்டது, அப்புறம் நுனி கருகிக் கருகிச் செத்தது. பூச்சியா, வெயிலா என்று பார்த்துப் பார்த்து மருந்தடித்தேன்.

சின்னம்மா ஒரே கேள்விதான் கேட்டார். "நார்க்கழிவைக் கழுவுனியா கண்ணு?"

"கழுவணுமா?"

அவர் பதில் சொல்லவில்லை. என்னைக் கூட்டிப்போய் ஒரு பிளாஸ்டிக் டப்பில் பொள்ளாச்சியிலிருந்து வந்த தென்னை நார்க்கழிவுக் கட்டி ஒன்றைப் போட்டார். செங்கல் மாதிரி இறுக்கி அழுத்தியது, ஐந்து கிலோ. தண்ணீர் ஊற்ற ஊற்ற அது சத்தமில்லாமல் உப்பிப் பிளந்து டப்பை நிறைத்தது. பத்து நிமிஷம் கழித்து ஒரு கை அள்ளிப் பிழிந்தார். டீ டிகாக்‌ஷன் நிறத்தில் தண்ணீர் இறங்கியது. "ஒரு சொட்டு நாக்குல வெச்சுப் பாரு" என்றார். வைத்தேன். லேசாக உப்பு.

நார்க்கழிவில் இயல்பாகவே உப்பு இருக்கும். இரண்டு மூன்று தரம் ஊறவைத்துப் பிழிந்து கொட்டாவிட்டால் அந்த உப்பு இளம் நாற்றின் வேரைச் சுடும், இலை நுனி கருகும். இரண்டு வருடம் நான் வேப்பெண்ணெய் அடித்தது பூச்சிக்கு அல்ல, உப்புக்கு. பையோடு வந்த காகிதத்தில் இது அச்சடித்தே இருந்திருக்கும், நான்தான் படிக்கவில்லை.

கழுவிய நார்க்கழிவு ஒரு பங்கு, செம்மண் ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு. கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. இதுதான் அவர் கலவை. மண்ணை மட்டும் நிரப்பினால் ஈரத்தில் கனம் தாங்காது. அறுபது பை ஈர மண் என்றால் தளத்துக்கும் ஆபத்து, தூக்கி நகர்த்த இடுப்புக்கும் ஆபத்து. சிறுகீரையை 25 நாளில் வேரோடு பிடுங்குகிறார். அரைக்கீரையைக் கிள்ளக் கிள்ள அது மறுபடி தழைக்கிறது. வெண்டையில் மாவுப்பூச்சி அப்பியிருந்தது. பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துத் தள்ளிவிட்டு, சோப்புத் தண்ணீரில் கலந்த வேப்பெண்ணெயைத் தெளித்தார். ஆடிக் காற்றில் நிழல்வலை கிழிந்து பக்கத்து வீட்டு ஆன்டெனாவில் மாட்டிக்கொண்ட கதையைச் சித்தப்பா இரண்டு தடவை சொன்னார். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை அறியாதவர்கள்தான் கோவை மாடியில் பந்தல் போடுவார்கள் என்பது அவர் கட்சி.

தண்ணீர் எவ்வளவு என்று கணக்குப் போட்டேன். பைக்கு ஒரு லிட்டரும் கொஞ்சமும். அறுபது பைக்கு நாளைக்கு எழுபது, எழுபத்தைந்து லிட்டர். ஐந்து குடம். கார்ப்பரேஷன் தண்ணீர் வாரம் ஒருமுறை வந்தாலும் பெரிய தொட்டி இருக்கிறது, போர் இருக்கிறது. அதனால் சின்னம்மாவுக்கு ஐந்து குடம் ஒரு பொருட்டே இல்லை. விளைவது வாரத்துக்கு நாலைந்து கட்டுக் கீரை, இரண்டு கிலோ காய். இரண்டு பேர் சாப்பிட்டு மிச்சத்தைப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுக்கிறார். பக்கத்து வீடுகளிலும் மாடித் தோட்டம். அவர்கள் பதிலுக்குக் கத்தரிக்காய் கொடுக்கிறார்கள். "வாங்கிக்க ஆளில்லை கண்ணு" என்று சலித்துக்கொண்டார்.

சாயங்காலம் வேளாண் பல்கலைக்கழக விதை விற்பனைப் பக்கம் போய் இரண்டு பொட்டலம் வாங்கினேன். 1868ல் சைதாப்பேட்டையில் பள்ளியாக ஆரம்பித்து, 1906ல் கோவைக்கு இடம் மாறி, 1971ல் பல்கலைக்கழகமானது. சைதாப்பேட்டை வழியாக தினமும் ஆபீஸ் போகிறேன். ஒருநாளாவது அங்கே உழுதிருப்பார்கள் என்று தோன்றியதில்லை.

புதன், மேட்டுப்பாளையம்

காலையிலிருந்து தூறல். மேட்டுப்பாளையம் மண்டிகளில் நீலகிரியிலிருந்து இறங்கிய கேரட், உருளை, பீட்ரூட் மூட்டைகளுக்கு ஏலம். அங்கிருந்து கேரளாவுக்கு, மற்ற மாவட்டங்களுக்கு, சென்னைக்கு. மலையடிவாரத்தில் நின்றுகொண்டு கேரட் வாங்கலாம் என்றால் மூட்டைக்குக் குறைந்து யாரும் பேசமாட்டேன் என்கிறார்கள். வெளியே தள்ளுவண்டியில் அரைக் கிலோ வாங்கிக் கடித்துக்கொண்டே தேக்கம்பட்டி பஸ் ஏறினேன்.

தேக்கம்பட்டி என்றால் பாப்பம்மாள். மளிகைக் கடை நடத்திச் சேர்த்த காசில் நிலம் வாங்கி, நூறு வயதைத் தாண்டியும் இயற்கை விவசாயம் செய்தவர். 2021ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், 2024ல் காலமானார். அவர் ஊரை ஒருதரம் பார்க்க ஆசை, அவ்வளவுதான். பவானிக் கரை, வாழைத் தோப்பு, தூறல். டீக்கடையில் அவரைப் பற்றிப் பேச்செடுத்தேன். கடைக்காரர், "அந்தப் பாட்டி களைக்கொத்தோட நடந்து போறத நாங்க தெனமும் பாத்தமுங்க. அவுங்களப் பாக்கணும்னு கார்ல வர ஆரம்பிச்சப்பறந்தான் எங்களுக்கே அதிசயமாத் தெரிஞ்சுது" என்றார். டீ நன்றாக இருந்தது. செருப்பு முழுக்கச் சேறு.

வியாழன், திருப்பூர்

தேய்க்கும் அண்ணனின் தங்கை எனக்கு மூத்தவர், அதனால் அக்கா. ஊர் திண்டுக்கல் பக்கம். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. காலை எட்டரைக்கு உள்ளே போனால் ஐந்தரை வரை ஒரு ஷிப்ட். ஆர்டர் இருக்கும் நாட்களில் இரவு எட்டரை வரை ஒன்றரை ஷிப்ட். ஆர்டர் பெரும்பாலும் இருக்கும். இல்லாவிட்டால் அது வேறு கவலை.

அதனால் பகலில் எனக்கு வேலை இல்லை. நொய்யல் பக்கம் நடந்தேன். கரை ஓரத்தில் ஒரு துண்டு நிலத்தில் பளபளவென்று கீரைப் பாத்தி. பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. வாய்க்காலில் வந்த தண்ணீரின் நுரையைப் பார்த்ததும் ஆசை போய்விட்டது. இந்த ஆற்றின் கதை எல்லோருக்கும் தெரியும்: சாயக் கழிவு, 1992ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கு ஆகாமல் போனது, 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதற்கப்புறம் நிலைமை மாறியிருக்கிறது என்கிறார்கள், இருக்கலாம். இருந்தாலும் நகரத்தில் எங்கே பச்சை தெரிந்தாலும் கைதட்டிவிடக் கூடாது. கீரை மண்ணிலும் தண்ணீரிலும் இருப்பதை எல்லாம் உறிஞ்சும், நல்லது கெட்டது பார்க்காது.

இரவு ஒன்பதுக்கு அக்கா வீடு. லைன் வீடு, வரிசையாகப் பதினான்கு வாசல். பத்துக்குப் பத்தில் ஒரு அறை, அதற்குள்ளேயே அடுப்புமேடை. வெளியே பொதுக் குழாய் ஒன்று, அதற்கு முன்னால் குடங்கள் ஆளுக்கு முந்தி வரிசையில். வீட்டுக்கு ஐந்தாறு குடம்தான் என்று கணக்கு. ஐந்து குடம். வடவள்ளி மாடியில் அறுபது பைக்கு ஊற்றிய அதே ஐந்து குடம்.

அக்கா கை காலைக் கழுவிவிட்டு உட்காரும் முன்னாலேயே அரிசியைக் களைந்துவிட்டார். களைந்த தண்ணீரை வாசலில் இருந்த இரண்டு பெயிண்ட் பக்கெட்டில் பாதிப் பாதியாக ஊற்றினார். ஒன்றில் புதினா, கடையில் வாங்கிய கட்டின் காம்பை நட்டது. இன்னொன்றில் அஞ்சறைப் பெட்டி வெந்தயத்தைத் தூவி வந்த வெந்தயக் கீரை, மூன்று விரல் உயரம். இரண்டுக்கும் வெயில் காலையில் ஒரு மணி நேரம் மட்டும், அதுவும் ஒரு பக்கமாக. அதனால் தினமும் பக்கெட்டைத் திருப்பி வைப்பாராம்.

"மாடியில வைக்கலாமே அக்கா?"

"ஓனரம்மா துணி காயப்போட மட்டும்தான் விடுவாங்க. மண்ணைக் கொண்டுபோனா தளம் போயிரும்பாங்க. அவங்களச் சொல்லிக் குத்தமில்ல, போன தடவ குடியிருந்தவங்க ஒழுக விட்டுட்டுப் போயிட்டாங்க."

ரேஷனில் அரிசி இலவசம், துவரம் பருப்பு 30 ரூபாய், பாமாயில் 25 ரூபாய். முட்டை நாமக்கல்லில் இருந்து வருகிறது, தெருமுனைக் கடையில் ராத்திரி பத்து மணிக்கும் கிடைக்கும். தக்காளி, வெங்காயம், உருளை தள்ளுவண்டியில் எப்போதும் இருக்கும். சோறும் பருப்பும் முட்டையும் இப்படிக் கைக்கு வந்துவிடுகின்றன. கீரைதான் வருவதில்லை. உழவர் சந்தை திருப்பூரிலும் இருக்கிறது. அக்கா கம்பெனி வாசலில் நிற்கும் நேரத்தில் அது முடிந்துகொண்டிருக்கும். அவர் வெளியே வரும் எட்டரை மணிக்கு அது முடிந்து பதினோரு மணி நேரம் ஆகியிருக்கும்.

நான் இதை ஏதோ பெரிய கண்டுபிடிப்பு மாதிரி சொன்னேன். அக்கா சிரித்தார்.

"நேரத்துக்குக் கெடைச்சாலும் யாரு ஆயுறது? முருங்கைக் கீரை ஒரு சட்டிக்கு உருவ முக்கா மணி நேரம். பத்து மணிக்கு மேல உக்காந்து கீரை ஆஞ்சா காலையில எந்திரிக்க முடியுமா? காசு பத்து ரூவா, இருவது ரூவா. அது பெரிசில்ல."

இதை நான் யோசிக்கவே இல்லை. சந்தை விலை, விதை, மண் என்று மூன்று நாளாக எழுதிக்கொண்டிருக்கிறேன். கீரை ஆயும் அரை மணி நேரத்தை எந்தக் கணக்கிலும் சேர்க்கவில்லை. எங்கள் வீட்டில் அதைச் செய்வது நான் இல்லை என்பதால் இருக்கும்.

சாப்பிடும்போது அக்கா தன் மகளுக்கு ரத்தம் குறைவு என்று பள்ளியில் இரும்புச் சத்து மாத்திரை கொடுப்பதைச் சொன்னார். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள் என்று தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. கீரை மட்டும் சாப்பிட்டு அது சரியாகிவிடாது. கீரையில் உள்ள இரும்பு உடம்பில் சேருவதே குறைவு, எலுமிச்சையோ நெல்லிக்காயோ கூட இருந்தால் கொஞ்சம் அதிகம் சேரும். ஆனாலும் வாரம் மூன்று நாள் கீரை உள்ள தட்டும், மாதத்தில் ஒருநாள்கூட இல்லாத தட்டும் ஒன்றில்லை.

கிளம்பும்போது, "சனிக்கெழம ராத்திரி வாங்க. சம்பள நாளு. கம்பெனி கேட்டுக்கு ஒரு எக்ஸ்எல்காரரு வருவாரு" என்றார். என்ன விற்பார் என்று கேட்டதற்கு, "வந்து பாருங்களேன்" என்று மட்டும் சொன்னார்.

வெள்ளி, ஈரோடு

முதலில் ஒரு திருத்தம். செவ்வாய்க்கிழமை எழுதியதைப் படித்துவிட்டுச் சின்னம்மா போன் செய்தார். வேப்பம்புண்ணாக்கு பைக்குக் கைப்பிடி, மொத்தக் கலவைக்கு இல்லை. டீச்சர் டீச்சர்தான்.

காளிங்கராயன் வாய்க்கால் ஓரமாக ஒரு அரசு தொடக்கப் பள்ளி. பவானியில் தொடங்கி வளைந்து வளைந்து சுமார் 90 கிலோமீட்டர் ஓடி கொடுமுடிப் பக்கம் முடியும் இந்த வாய்க்கால் 13ஆம் நூற்றாண்டில் வெட்டியது. மஞ்சளும் வாழையும் இன்னும் இதை நம்பித்தான் இருக்கின்றன. ஊருக்குள் வரும் இடத்தில் அதன் நாற்றத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை, காளிங்கராயர் மேல் மரியாதை இருக்கிறது.

பள்ளியில் ஐம்பது அறுபது பிள்ளைகள். காலைச் சிற்றுண்டி முடிந்து கை கழுவும் தண்ணீர் ஒரு சின்ன வாய்க்கால் வழியாக வாழைக்கும் சேம்புக்கும் ஓடுகிறது. நான்கு பாத்தி கீரை, ஒரு பாத்தி முள்ளங்கி, வேலியோரம் மூன்று முருங்கை. முள்ளங்கி ஒன்றுகூட சுண்டுவிரல் தடிமன் தாண்டவில்லை. ஏன் என்று தலைமை ஆசிரியையிடம் கேட்டேன்.

"பெருத்துருச்சான்னு தெனமும் புடுங்கிப் பாத்துட்டு மறுபடி நட்டு வெச்சர்றாங்க மேடம். எந்தப் பையன்னு தெரியும். சொன்னா நானில்லைங்கறான்."

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூன்றாம் வகுப்பு மாதிரி இருந்த ஒருவன் வந்து, என்னைப் பார்த்ததும் பேண்ட் பையில் கையை விட்டுக்கொண்டு வானத்தைப் பார்த்தான்.

டீச்சர் உள்ளதை உள்ளபடி சொல்பவர். நாலு பாத்திக் கீரை இத்தனை பேருக்கு ஒருநாள் சாம்பாருக்கும் காணாது என்றார். 2022 செப்டம்பரில் தொடங்கி மறு ஆண்டு ஆகஸ்டில் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த காலை உணவுத் திட்டமும், மத்தியானச் சத்துணவும், அதில் வரும் முட்டையும்தான் வயிற்றை நிரப்புபவை. தோட்டம் "கண்ணுக்கும் கைக்கும்" என்றார். முருங்கை மட்டும் விதிவிலக்கு. வாரம் ஒருநாள் ஒரு கூடை தழை சமையலறைக்குப் போகிறது. உருவுவது யார் என்று இந்தமுறை மறக்காமல் கேட்டேன். சமையலர் அம்மா முந்தின நாள் சாயங்காலமே கொப்புகளை ஒடித்து ஈரத் துணியில் சுற்றி வைத்துவிடுவாராம். காலையில் உதறினால் பாதி இலை தானாகக் கொட்டிவிடும். இதை அக்காவுக்குச் சொல்ல வேண்டும்.

இந்தத் தோட்டத்தின் எதிரி ஆடோ மாடோ இல்லை, மே மாதம். பிள்ளைகள் லீவில் போனதும் தண்ணீர் ஊற்ற ஆளில்லை. போன வருடம் எதிர்வீட்டு டெய்லர் சாவியை வாங்கிக்கொண்டு முருங்கைக்கும் வாழைக்கும் மட்டும் ஊற்றினாராம். கீரைப் பாத்தி கட்டாந்தரையாகி ஜூனில் மறுபடி கொத்தினார்கள்.

சனி, காங்கயம், மறுபடி திருப்பூர்

சென்னிமலை வழியாகக் காங்கயம். அங்கிருந்து ஊருக்கு மினி பஸ். அமுச்சிக்கு, அதாவது அம்மாவின் அம்மாவுக்கு, எண்பத்தி நாலு வயது. வாசலில் கட்டிலில் உட்கார்ந்து தட்டைப்பயறு உடைத்துக்கொண்டிருந்தார்.

மாடித் தோட்டம் பார்க்கப் போனேன் என்றதும், "மாடியில எங்கிருந்து சாமி தோட்டம்? கெணறு வேண்டாமா?" என்றார். எங்கள் பக்கம் கிணற்றுப் பாசனம் இருந்தால்தான் தோட்டம். வானம் பார்த்த பூமி என்றால் காடு. சின்னம்மா அறுபது பையில் செய்வதை அமுச்சி அகராதியில் எதில் சேர்ப்பது என்று தெரியவில்லை. தொட்டி என்று சொல்லிச் சமாளித்தேன்.

கார்த்திகை ஈரத்தில் காட்டில் கீரை கிடைக்கும் என்று கூடையோடு கிளம்பினேன். சின்ன வயதில் இதே மாதத்தில் அமுச்சி பின்னால் போய் மடி நிறையக் கொண்டுவந்த ஞாபகம்: பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, சாரணைக் கீரை. யாரும் விதைக்காதது, யாரும் விலை வைக்காதது. எல்லாவற்றையும் கலந்து மண்சட்டியில் வேகவைத்து மத்தால் கடைந்து, களிக்குக் குழி பறித்து ஊற்றுவார்கள். இன்று கிளுவை வேலி ஓரமாக ஒரு மணி நேரம் நடந்து கிடைத்தது இரண்டு கைப்பிடி. மாடு மேய விட்டிருக்கும் கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல் இருக்கிறது, வெள்வேல மரம் இருக்கிறது, மாடு இருக்கிறது. விதைத்த காட்டில்தான் கீரையைக் காணோம். பக்கத்துக் காட்டு மாமா காரணம் சொன்னார். "களையெடுக்க ஆள் வர்றதில்ல மாப்ள... ச்சே, அம்மிணி. எல்லாம் பனியன் கம்பெனிக்குப் போயாச்சு. மருந்தடிச்சர்றோம். மருந்துக்குக் களை எது, கீரை எதுன்னு தெரியுமா?"

களையெடுக்கப் போனவர்கள்தான் மடியில் கீரையோடு திரும்பியவர்கள். அவர்கள் இப்போது திருப்பூரில் எட்டரை மணிக்கு வெளியே வருகிறார்கள்.

நான் வீடு திரும்பியபோது ஊர் நடுவில் ஒரு குட்டியானை வண்டி. ஸ்பீக்கரில் பதிவு செய்த குரல், "தக்காளி, கேரட், பீன்ஸ், கோஸ்." அமுச்சி ஒரு கிலோ கேரட் வாங்கி வைத்திருந்தார். புதன்கிழமை மேட்டுப்பாளையத்தில் மூட்டைக்குக் குறைந்து தரமாட்டேன் என்ற அதே கேரட்டாக இருக்கலாம். இரண்டு கைப்பிடிக் கீரையைக் கடைந்து அரிசிம்பருப்புச் சோற்றோடு மத்தியானம் சாப்பிட்டோம். அமுச்சி ஒரு வாய் வைத்துவிட்டு, "சாரணை பத்தலை" என்றார். ருசியில் ஒரு கீரை குறைவதைக்கூட எண்பத்தி நாலு வயது நாக்கு கண்டுபிடிக்கிறது.

ஏழு மணிக்குத் திருப்பூர். கம்பெனி வாசலில் டீக்கடை, பஜ்ஜிக் கடை, பத்துக்கு மூன்று கர்ச்சீப் விற்பவர். எட்டு இருபதுக்கு ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல் வந்து நின்றது. முன்னால் ஒரு பிளாஸ்டிக் கூடை, பின்னால் இரண்டு. மேலே ஈரச் சாக்கு. பெருமாநல்லூர்ப் பக்கத்து விவசாயி, ஐம்பது வயது இருக்கும். சாக்கை விலக்கினார். சிறுகீரை, அரைக்கீரை, முருங்கை. கட்டாக இல்லை. ஆய்ந்து, வேர் நீக்கி, வாழை இலைத் துண்டில் பொட்டலமாக மடித்தது. கட்டு விலையைவிட ஐந்து ரூபாய் கூட.

மத்தியானம் பறித்து, மனைவியும் அம்மாவும் திண்ணையில் உட்கார்ந்து ஆய்வார்களாம். உழவர் சந்தைக்குப் போவதில்லையா என்றேன்.

"போயிட்டுத்தானுங்க இருந்தேன். மூணு மணிக்கு எந்திரிச்சு எந்திரிச்சு ஒரு நா வண்டியோட பள்ளத்துல உழுந்துட்டேன். அதுலருந்து பொழுதெறங்கி வர்றது. புதனும் சனியும் மட்டும். மத்த நாள்ல இங்க வாங்க மாட்டாங்க, கையில காசிருக்காது."

"தினமும் வந்தா வாங்கப் பழகிருவாங்கள்ல?"

"வரலாமுங்க. இங்க நிக்க உடணுமே. போன வாரம் ரெண்டு தடவ வண்டியை எடு எடுன்னு தொரத்தீட்டாங்க."

எட்டரைக்குக் கேட் திறந்தது. சீருடைக் கோட்டைக் கழற்றிக் கையில் சுருட்டியபடி பெண்கள் கூட்டமாக வந்தார்கள். கம்பெனி வேன் ஒரு பக்கம் ஹார்ன் அடித்தது. எக்ஸ்எல்லைச் சுற்றி ஆள் அப்பிக்கொண்டது. விலை கேட்பதில்லை, காசை நீட்டுவதும் பொட்டலத்தை வாங்குவதும் வேனைப் பிடிக்க ஓடுவதுமாக இருந்தார்கள். ஒருத்தி ஜிபேயில் அனுப்பிவிட்டு, "அண்ணா வந்துருச்சான்னு பாருங்க" என்று ஓடிக்கொண்டே கத்தினாள். அவர் பார்க்கவில்லை, அடுத்த பொட்டலத்தை எடுத்தார். மொபைலில் மணி பார்த்தேன். எட்டு நாற்பத்தி ஆறு. முதல் கூடையும் இரண்டாவதும் காலி.

அக்கா பத்து நிமிஷம் தாமதமாக வந்தார். ஏதோ பீஸ் ரிஜெக்ட், சூப்பர்வைசர் நிறுத்தி வைத்துவிட்டாராம். கூடைக்குள் கையை விட்டார். முருங்கை ஒரே ஒரு பொட்டலம் இருந்தது. எனக்கு ஏதாவது வேண்டுமா என்று என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையாட்டினேன். எக்ஸ்எல்காரர் சாக்கை உதறினார், அடியில் ஒட்டியிருந்த ஒரு பிடி உதிரி இலையையும் அள்ளி அக்கா பொட்டலத்தில் சேர்த்துவிட்டு வண்டியை உதைத்தார். அதற்குள் பின்னாலிருந்து ஒரு விசில் சத்தம், வண்டியை எடு என்று.